லைபேஸைப் பார்த்தோம், யூரியாவைப் பார்க்கவில்லை: கணைய அழற்சியின் முதல் 48 மணி நேரம்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமாக இங்கே சாஃப்ட்வேர், டேட்டா, அதைச் சுற்றியுள்ள விஷயங்கள்தான் பேசுவோம். இன்றைக்கு ஒரு நோயைப் பற்றிப் பேசப்போறேன். முதலிலேயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. படிச்சது இன்ஜினியரிங், வேலை சாஃப்ட்வேர். இதை மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க.

அப்புறம் ஏன் பேசறேன்னா, இந்த நோயில் டாக்டர்கள் கேட்கிற கேள்வியும் என் வேலையில் நான் கேட்கிற கேள்வியும் ஒண்ணுதான். இப்போதைக்கு எல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. இதில் எது இன்னும் ஒரு நாளில் விழப்போகுது? அதை இப்பவே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நாங்கள் பார்த்த எண்

போன வருஷம் என் சித்தப்பாவுக்கு ஒரு நாள் சாயங்காலம் மேல்வயிற்றில் வலி. கேஸ் டிரபிள்னு நினைச்சு ஒரு மாத்திரை போட்டுப் படுத்தார். வலி முதுகுக்குப் போச்சு. நேரா படுக்க முடியலை, முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் பரவாயில்லைன்னார். ராத்திரி 9 மணிக்கு அட்மிட் செய்தோம். ரத்தப் பரிசோதனையில் லைபேஸ் 2,400. ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள். கணைய அழற்சி, இங்கிலீஷ்ல அக்யூட் பான்கிரியாடிடிஸ்னு சொன்னாங்க.

ஸ்கூல்ல பயாலஜி படிச்சதோட சரி, கணையம்னா இன்சுலின்னு மட்டும்தான் எங்க குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனா 2,400ங்கிற எண் எல்லாருக்கும் புரிஞ்சுது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் அதைப் போட்டோம். மறுநாள் மதியம் லைபேஸ் 1,100. பாதிக்கும் கீழே. குரூப்பில் ஒரே கும்பிடு எமோஜி. சித்தி இரண்டு நாள் கழிச்சு முதல் தடவையா டீ குடிச்சாங்க.

அன்றைக்கு சாயங்காலமே டியூட்டி டாக்டர் வந்து, "ஐ.சி.யூ.வுக்கு மாத்தறோம்"னு சொன்னார். எனக்குப் புரியலை. "லைபேஸ் பாதியா குறைஞ்சிருக்கே சார்?"னு கேட்டேன். அவர் கோபப்படலை. "நீங்க பார்க்கிற எண் வேற, நாங்க பார்க்கிற எண் வேற தம்பி"ன்னு சொல்லிட்டு, கேஸ் ஷீட்டில் வேற ஒரு வரியைக் காட்டினார். பிளட் யூரியா. முந்தின ராத்திரி 38. அன்றைக்குக் காலையில் 61. பக்கத்திலேயே நாடித்துடிப்பு 92லிருந்து 118. மூச்சு நிமிஷத்துக்கு 18லிருந்து 28.

அந்த ரிப்போர்ட் காலையிலிருந்து என் போனில்தான் இருந்தது. நான் அதில் லைபேஸை மட்டும்தான் தேடினேன். மானிட்டரிங் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குறவன் நான். அந்த வெட்கம்தான் இந்த எபிசோடு.

அக்யூட் வேற, சிவியர் வேற

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். பேப்பர்ல, செய்தியில "தீவிர கணைய அழற்சி"ன்னு படிச்சிருப்பீங்க. அக்யூட் என்பதைத்தான் "தீவிர"ன்னு எழுதறாங்க. ஆனா மருத்துவத்தில் அக்யூட்னா திடீர்னு வந்ததுன்னு அர்த்தம். உயிருக்கு ஆபத்துன்னு அர்த்தம் இல்லை. கடுமையான நிலைக்கு அவங்க சொல்ற வார்த்தை சிவியர். இந்த எபிசோடில் நான் "திடீர்", "கடுமை" என்ற இரண்டு சொற்களைப் பயன்படுத்தறேன்.

திடீர் கணைய அழற்சி வர்றவங்களில் ஏறத்தாழ 100க்கு 80 பேருக்கு அது லேசானது. டிரிப்ஸ், வலி மருந்து, கவனிப்பு, சில நாளில் வீடு. மீதி 20 பேருக்குச் சிக்கல் வருது. அதிலும் ஒரு பகுதியினருக்கு நுரையீரல், சிறுநீரகம், இதய ரத்த ஓட்டம் இந்த மூன்றில் ஒன்றோ பலவோ செயலிழக்குது.

இதை வகைப்படுத்த அமெரிக்காவில் அட்லாண்டாவில் 1992இல் ஒரு வரையறை உருவாக்கினாங்க. 2012இல் அதைத் திருத்தினாங்க. திருத்திய வரையறைப்படி மூன்று படிகள். உறுப்பு செயலிழப்பும் இல்லை, சிக்கலும் இல்லைன்னா லேசானது. உறுப்பு செயலிழந்து 48 மணி நேரத்துக்குள் சரியாகிட்டா, அல்லது கணையத்தைச் சுற்றி நீர் சேர்வது, திசு அழுகுவது மாதிரி சிக்கல் வந்தா, நடுத்தரம். உறுப்பு செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டியும் நீடிச்சா, கடுமையானது. இந்தக் கடைசி வகையில்தான் இறப்பு அதிகம். மூன்றில் ஒருவர் வரை இழக்க நேரிடலாம்.

இதில் என்ன சிக்கல்னு கவனிச்சீங்களா? "கடுமையானது"ங்கிற பெயரையே செயலிழப்பு 48 மணி நேரம் நீடிச்ச பிறகுதான் வைக்க முடியும். ஆனா முடிவு எடுக்க வேண்டியது முதல் ராத்திரியே. அதனால முதல் நாளில் யார் என்ன சொன்னாலும் அது கணிப்புதான், தீர்ப்பு இல்லை. முதல் நாள் டாக்டர் "இப்போதைக்கு லேசாத்தான் தெரியுது, பார்க்கலாம்"னு சொன்னா, அவர் மழுப்பறார்னு நினைக்காதீங்க. உண்மையைச் சொல்றார்.

உள்ளே என்ன நடக்குது

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, குறுக்கே படுத்திருக்கிற ஒரு சுரப்பி. அதனாலதான் வலி முதுகுக்குப் போகுது. இன்சுலின் அதோட ஒரு வேலை. இன்னொரு வேலை, நாம சாப்பிடற புரதம், கொழுப்பு எல்லாத்தையும் உடைக்கிற என்சைம்களைத் தயாரிக்கிறது. இந்த என்சைம்கள் கணையத்துக்குள்ளே இருக்கும்போது தூங்கற நிலையில்தான் இருக்கும். சிறுகுடலுக்குப் போனதும்தான் விழிக்கும்.

பித்தப்பைக் கல் ஒண்ணு வழுக்கி வந்து குழாயின் வாயை அடைச்சாலோ, அதிகமா மது குடிச்சாலோ, ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு 1,000ஐத் தாண்டினாலோ, சில மருந்துகளாலோ, இந்த ஏற்பாடு குலையுது. டிரிப்சின் என்கிற என்சைம் கணையத்துக்குள்ளேயே விழிச்சுக்குது. மத்ததையும் எழுப்பி விடுது. வீட்டுக்குள்ளேயே அடுப்பு பத்திக்கிட்ட மாதிரி கணையம் தன்னையே செரிக்க ஆரம்பிக்குது.

இதுவரைக்கும் லேசானவங்களுக்கும் கடுமையானவங்களுக்கும் ஒரே கதைதான். வித்தியாசம் இதுக்கப்புறம் உடம்பு எப்படி எதிர்வினை செய்யுதுங்கிறதில் இருக்கு. சிலருக்கு அந்த அழற்சி கணையத்தோட நிற்குது. சிலருக்கு உடம்பு முழுக்கப் பரவுது. பரவினா ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்குது. ரத்தத்திலிருக்கிற நீர்ப்பகுதி வெளியே, வயிற்றுக்குள்ளே, நுரையீரலைச் சுற்றி, போய்த் தேங்குது.

இப்போ ஒவ்வொரு எண்ணும் ஏன் மாறுதுன்னு யோசிங்க. நீர் வெளியே போனா ரத்தம் கெட்டியாகும். அதனால ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டுற ஹெமட்டோக்ரிட் ஏறும். குழாய்க்குள்ளே அளவு குறைஞ்சதால் இதயம் வேகமா அடிக்கும். சிறுநீரகத்துக்குப் போற ரத்தம் குறையும், சிறுநீர் குறையும், யூரியா ஏறும். நுரையீரலில் நீர் சேர்ந்தா மூச்சு வேகமாகும், ஆக்சிஜன் இறங்கும். இது எல்லாத்துக்கும் பின்னால் ஒரே காரணம்தான், கசிவு.

லைபேஸ் ஏன் ஏமாத்துது

அப்போ லைபேஸ் என்ன சொல்லுது? கணையத்தில் பிரச்சினை இருக்குன்னு சொல்லுது. அவ்வளவுதான். கணைய அழற்சின்னு உறுதி செய்ய மூன்று விஷயங்களில் இரண்டு இருக்கணும்: அதற்கே உரிய வலி, லைபேஸ் அல்லது அமைலேஸ் இயல்பான உச்ச வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல், ஸ்கேனில் அடையாளம். நோயைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு லைபேஸ் நல்ல எண். ஆனா அந்த வேலை முதல் நாளோட முடிஞ்சிடுது.

நோய் எவ்வளவு கடுமைங்கிறதுக்கும் லைபேஸ் எவ்வளவு உயரம்ங்கிறதுக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. 5,000 இருந்தவர் நான்கு நாளில் வீட்டுக்குப் போகலாம். 500 இருந்தவர் வென்டிலேட்டருக்குப் போகலாம். அதோட, நோய் முத்திக்கிட்டிருக்கும்போதே லைபேஸ் தன் பாட்டுக்கு இறங்கும். அதனாலதான் தினமும் லைபேஸ் எடுத்து நிலைமையைக் கணிக்க முடியாதுன்னு சொல்றாங்க. எங்க சித்தப்பா விஷயத்தில் நடந்தது இதேதான்.

இதே மாதிரி இன்னொரு ஏமாற்று, முதல் நாள் எடுக்கிற சி.டி. ஸ்கேன். குடும்பத்தில் யாராவது ஒருத்தர் "உடனே சி.டி. எடுக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லுவாங்க. கணையத் திசு அழுகுறது முதல் இரண்டு மூன்று நாளில் சி.டி.யில் சரியாத் தெரியாமல் போகலாம். நோய் என்னன்னே சந்தேகமா இருந்தால் முதலிலேயே எடுப்பாங்க. கடுமையை அளக்கணும்னா வலி ஆரம்பிச்சு மூன்று, நான்கு நாள் கழிச்சு எடுக்கிறதுதான் பயன். முதல் நாள் சி.டி. நல்லா இருக்குங்கிறது நிம்மதிப் பத்திரம் இல்லை.

1974லிருந்து பைசாப் வரை

முன்கூட்டியே கணிக்கிற முயற்சிக்கு ஐம்பது வருஷக் கதை இருக்கு. 1974இல் நியூயார்க்கில் ஜான் ரான்சன் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் 100 நோயாளிகளிடம் எடுத்த 43 அளவுகளை அலசி, அதில் 11ஐத் தேர்ந்தெடுத்தாங்க. 5 அளவுகள் அட்மிட் ஆகும்போது. மீதி 6, அடுத்த 48 மணி நேரத்தில். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் ரான்சன் அளவுகோலை மனப்பாடம் செய்றாங்க. அதோட குறை தெளிவானது. மதிப்பெண் முழுசா வர 48 மணி நேரம் காத்திருக்கணும்.

அப்புறம் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ மதிப்பெண் வந்துது. அதுவும் 48 மணி நேரக் கணக்குதான். 1985இல் வந்த அப்பாச்சி-2 எந்த நோய்க்கும் ஐ.சி.யூ.வில் போடறது. எந்த நாளும் கணக்கிடலாம். ஆனா 12 அளவுகள், வயசு, பழைய நோய்கள்னு பட்டியல் நீளம். நெரிசலான வார்டில் ராத்திரி 2 மணிக்கு யாரும் இதை உட்கார்ந்து போடமாட்டாங்க.

2008இல் அமெரிக்காவில் 17,992 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து ஒரு எளிய மதிப்பெண் உருவாக்கினாங்க. பேர் பைசாப். 18,256 பேர் கொண்ட இன்னொரு தொகுப்பில் அதைச் சரிபார்த்தாங்க. பயிற்சி டேட்டா வேற, சோதனை டேட்டா வேற. நம்ம ஆளுங்களுக்கு இது பிடிக்கும்.

பைசாப்பில் ஐந்தே கேள்விகள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பெண். முதல் 24 மணி நேரத்துக்குள் பார்க்கணும்.

ஒன்று, பி.யூ.என். 25க்கு மேலா? இரண்டு, குழப்பமா பேசறாரா, உணர்வு மங்கியிருக்கா? மூன்று, உடம்பு முழுக்க அழற்சி பரவின அடையாளம் இருக்கா? நான்கு, வயசு 60க்கு மேலா? ஐந்து, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கா?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் உள்ளே ஒரு சின்னப் பட்டியல் இருக்கு. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் அல்லது 36க்குக் கீழ். நாடி 90க்கு மேல். மூச்சு நிமிஷத்துக்கு 20க்கு மேல். வெள்ளணுக்கள் 12,000க்கு மேல் அல்லது 4,000க்குக் கீழ். நான்கில் இரண்டு இருந்தா "ஆமாம்".

மதிப்பெண் 0 என்றால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழ். 5 என்றால் 20க்கும் மேல். 3ஐத் தொட்டா ஜாக்கிரதைன்னு எடுத்துக்கறாங்க.

எங்க சித்தப்பாவுக்கு அப்புறமா நானே போட்டுப் பார்த்தேன். அட்மிட் ஆன ராத்திரி: வயசு 52, சுழி. பேச்சு தெளிவு, சுழி. யூரியா சரி, சுழி. எக்ஸ்ரேயில் நீர் இல்லை, சுழி. நாடி 92, வெள்ளணுக்கள் 14,000, அதனால் ஒரு மதிப்பெண். மொத்தம் 1. மறுநாள் சாயங்காலம், 24 மணி நேரம் முடியறதுக்குள்ளே: யூரியா ஏறியாச்சு, ஒண்ணு. அழற்சி அடையாளம், ஒண்ணு. புது எக்ஸ்ரேயில் இடது பக்கம் நீர், ஒண்ணு. மொத்தம் 3. லைபேஸ் பாதியாகிக்கிட்டிருந்த அதே நேரத்தில் இது ஒண்ணிலிருந்து மூணுக்குப் போயிருந்தது.

ஒரு யூனிட் குழப்பம்

இங்கே ஒரு பக் இருக்கு, கவனிங்க. பைசாப் கேட்கிறது பி.யூ.என்., அதாவது யூரியாவில் இருக்கிற நைட்ரஜனின் அளவு. நம்ம ஊர் லேப்கள் பெரும்பாலும் தர்றது பிளட் யூரியா, மொத்த யூரியாவின் அளவு. இரண்டும் ஒரே யூனிட்டில், மில்லிகிராம்லதான் அச்சாகியிருக்கும். ஆனா எண் வேற. பி.யூ.என்.னை 2.14 ஆல் பெருக்கினா பிளட் யூரியா.

அதனால பி.யூ.என். 25ங்கிற எல்லை, பிளட் யூரியாவில் ஏறத்தாழ 53. இது தெரியாமல் இணையத்தில் இருக்கிற பைசாப் கால்குலேட்டரில் பிளட் யூரியா 38ஐ அப்படியே போட்டா, 25ஐத் தாண்டிட்டதா நினைச்சு வீணாப் பயப்படுவீங்க. அட்மிட் ஆன ராத்திரி சித்தப்பாவின் 38, உண்மையில் பி.யூ.என். 18தான். மறுநாள் 61ங்கிறது 28க்கும் மேல்.

எல்லையைத் தாண்டுறதை விட முக்கியமானது திசை. டிரிப்ஸ் ஏத்தின பிறகும் 24 மணி நேரத்தில் யூரியா ஏறிக்கிட்டே போனா அது கெட்ட செய்தி. இறங்கினா நல்ல செய்தி. சி.ஆர்.பி.ன்னு இன்னொரு பரிசோதனை இருக்கு, லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினா கடுமைக்கு அடையாளம். ஆனா அது மெதுவா ஏறுறது, 48 மணி நேரத்தில்தான் நம்பகமாகும்.

மணி அடிச்சா எல்லாம் தீயா?

இப்போ நீங்க கேட்கலாம், ஐந்தே கேள்வியில் தெரிஞ்சுடுதுன்னா பிரச்சினை தீர்ந்ததே? தீரலை. ஒரு கணக்கு போடுவோம். இது புரியறதுக்காக நான் வச்சுக்கிட்ட எண்கள், ஆய்வு முடிவு இல்லை.

100 நோயாளிகள். அதில் 15 பேருக்குக் கடுமையாகப் போகுது. நம்மகிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கு. கடுமையாகப் போறவங்களில் 80 சதவீதத்தைப் பிடிக்குது, அதாவது 12 பேர். கடுமையாகாத 85 பேரில் 80 சதவீதத்தைச் சரியா விட்டுடுது, அதாவது 68 பேர். நல்ல முறைதானே? ஆனா மீதி 17 பேருக்கும் மணி அடிக்குது. மொத்தம் 29 தடவை மணி அடிச்சதில் 12 தான் உண்மை. பாதிக்கும் கீழே.

அதே கணக்கை மறுபக்கம் பாருங்க. மணி அடிக்காதவங்க 71 பேர். அதில் 3 பேர்தான் தப்பிப்போனவங்க. மணி அடிக்கலைன்னா 96 சதவீதம் நிம்மதி. ஆக, இந்த மாதிரி மதிப்பெண்கள் "ஆபத்து"ன்னு சொல்றதை விட "ஆபத்து இல்லை"ன்னு சொல்றதில் கெட்டிக்காரங்க.

இதைப் புரிஞ்சுக்கிட்டே ஜெர்மனியில் 2009இல் ஒரு மதிப்பெண் கொண்டு வந்தாங்க. ஆபத்தானவரைத் தேடாமல், ஆபத்தில்லாதவரைத் தேடுறது. மூன்றே கேள்வி: வயிறு விறைச்சு இருக்கா? கிரியாட்டினின் சரியா? ஹெமட்டோக்ரிட் சரியா? மூன்றும் நல்லா இருந்தா அநேகமா லேசானதுதான், ஐ.சி.யூ. படுக்கையை இவருக்காகப் பிடிச்சு வைக்க வேண்டியதில்லை.

2012இல் பழைய மதிப்பெண்கள் பலதையும் ஒரே நோயாளிகள்மேல் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒண்ணு வந்துது. எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவுக்கு, சுமாரா வேலை செஞ்சுது. எதுவும் தனியா ஜெயிக்கலை.

இப்போ ஏ.ஐ. ஆளுங்களும் வந்தாச்சு. கணைய அழற்சிக் கடுமையைக் கணிக்கிற மெஷின் லேர்னிங் மாடல்கள் நிறைய வெளியாகுது. நம்ம துறை ஆளா ஒரே ஒரு விஷயம் கேளுங்க: மாடலுக்குக் கொடுத்த அளவுகள் எந்த மணி நேரத்தில் எடுத்தது? 40ஆவது மணி நேரத்து கிரியாட்டினினைக் கொடுத்து 48ஆவது மணி நேரத்துச் சிறுநீரகச் செயலிழப்பைக் கணிச்சா, மதிப்பெண் பிரமாதமாத்தான் இருக்கும். அது கணிப்பு இல்லை, விடைத்தாளைப் பார்த்து எழுதறது. அட்மிட் ஆன முதல் சில மணி நேரத்து அளவுகளை மட்டும் வச்சு, வேற ஊர் வேற மருத்துவமனை நோயாளிகளிடம் நின்னு காட்டினதான்னு பாருங்க.

முன்கூட்டியே தெரிஞ்சு என்ன பயன்?

கணைய அழற்சியை நிறுத்துற மருந்துன்னு எதுவும் இல்லை. அப்படின்னா முன்கூட்டியே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

முதல் பயன், இடம். சின்ன மருத்துவமனையில் இருந்தா, மூச்சு நல்லா இருக்கும்போதே பெரிய இடத்துக்கு மாத்தலாம். ஆக்சிஜன் இறங்கின பிறகு ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரப் பயணம்ங்கிறது வேற கதை.

இரண்டாவது, டிரிப்ஸ். ரொம்ப காலமா, கசிவு இருக்கே, நிறைய ஏத்துங்கன்னுதான் வழக்கம். 2022இல் வாட்டர்ஃபால்னு ஒரு ஆய்வு வெளியானது. இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ நாடுகளில் 249 நோயாளிகள். ஒரு பாதிக்கு நிறைய, மறுபாதிக்கு அளவா. நிறைய ஏத்தினவங்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிகுந்துபோச்சு. அளவா ஏத்தினவங்களில் 6.3 சதவீதம். நோயின் கடுமையோ குறையலை. பாதியிலேயே ஆய்வை நிறுத்திட்டாங்க. அதனால இப்போ அளவா ஏத்தி, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து மாத்தறாங்க.

அந்த "பார்த்துப் பார்த்து"தான் விஷயமே. எங்க சித்தப்பாவின் யூரின் பேக்கை ஒரு நர்ஸ் அக்கா மணிக்கொரு தடவை வந்து குனிஞ்சு பார்த்து எழுதிக்கிட்டே இருந்தாங்க. ஏதோ பேக் நிரம்பிடுச்சான்னு பார்க்கறாங்கன்னு நினைச்சேன். எடை கிலோவுக்கு, மணிக்கு அரை மில்லி சிறுநீராவது வரணும். 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 35 மில்லி. அவங்க பார்த்துக்கிட்டிருந்தது சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்ச் சேருதாங்கிறதை.

மூன்றாவது, கல் காரணமா இருந்து, பித்தநாளத்தில் தொற்றும் சேர்ந்திருந்தா, 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி வழியா அடைப்பை எடுக்கணும். நான்காவது, சாப்பாடு. முன்பெல்லாம் நாள்கணக்கில் பட்டினி போடுவாங்க. இப்போ, முடிஞ்சவங்களுக்குச் சீக்கிரமே வாய்வழி உணவு, முடியாதவங்களுக்குக் குழாய் வழி. தொற்று இல்லாதவங்களுக்கு முன்னெச்சரிக்கையா ஆன்டிபயாடிக் போடறதையும் இப்போ பரிந்துரைக்கிறது இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்

மேல்வயிற்றில் விடாத வலி, முதுகுக்குப் பாயுது, வாந்தி, குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் குறையுது. இப்படி இருந்தா கேஸ்னு ராத்திரியை ஓட்டாதீங்க, மருத்துவமனைக்குப் போங்க. பித்தப்பைக் கல் இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்க, நிறைய குடிக்கிறவங்க, டிரைகிளிசரைடு ரொம்ப அதிகமா இருக்கிறவங்க, இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

வீட்டில் யாராவது அட்மிட் ஆகியிருந்தா, லைபேஸ் எண்ணை குரூப்பில் போடறதை விட்டுட்டு, ஒரு பேப்பரில் ஐந்து வரி எழுதுங்க. யூரியா நேற்று என்ன, இன்று என்ன? நாடி? மூச்சு எத்தனை? ஆக்சிஜன்? சிறுநீர் கடைசி ஆறு மணி நேரத்தில் எவ்வளவு? டாக்டரிடம் "எல்லாம் நார்மலா?"ன்னு கேட்காதீங்க. "நேற்றை விட எந்தப் பக்கம் போகுது?"ன்னு கேளுங்க. அவங்களுக்குப் பாடம் எடுக்கிறதுக்காக இல்லை. அவங்க சொல்ற பதில் நமக்குப் புரியணுமே, அதுக்காக. இன்னொண்ணு: நோயாளி திடீர்னு குழப்பமா பேசினாலோ, மூச்சு வாங்கினாலோ, ரவுண்ட்ஸ் வரட்டும்னு காத்திருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்க. படுக்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது நாமதானே, இதை முதலில் பார்க்கிறதும் நாமதான்.

எங்க சித்தப்பா ஆறு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். மூன்றாவது நாள் யூரியா இறங்க ஆரம்பிச்சுது. அன்றைக்கு குரூப்பில் நான் அந்த எண்ணை மட்டும்தான் போட்டேன், யாருக்கும் புரியலை, ஒருத்தர்கூட எமோஜி போடலை. மொத்தம் மூன்று வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தார். இரண்டு மாசம் கழிச்சு பித்தப்பையை எடுத்தாங்க. இப்போ நல்லா இருக்கார். இந்த எபிசோடைக் கேட்டா, "என் யூரியாவை ஊருக்கே சொல்லிட்டியேடா"ம்பார். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன்.

கேள்விகள் இருந்தா எழுதுங்க. மருத்துவர் யாராவது கேட்டுக்கிட்டிருந்து, நான் தப்பா சொன்ன இடம் இருந்தா கட்டாயம் எழுதுங்க, அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் திருத்திப் படிக்கிறேன்.